புதுக்குடியிருப்பில் அனுமதிக்குக் காத்திருந்த வீடு

மதியம் இரண்டரைக்குப் பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். உட்கார இடம் கிடைத்தது விசுவமடு தாண்டித்தான். நான்கு மணிக்கு முன்பே புதுக்குடியிருப்பில் இறங்கிவிட்டேன்.

அறையைத் திருச்சியிலிருந்தே ஒரு முன்பதிவுத் தளத்தில் பிடித்திருந்தேன். இரவுக்கு ஐயாயிரம் இலங்கை ரூபாய், காலை இடியப்பமும் சேர்த்து. வீட்டுக்காரர் தேவகி அக்கா ஐம்பதை நெருங்குபவர். பின்பக்கம் கட்டிய இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். அறை படு சுத்தம், மின்விசிறி மட்டும் லாரி மாதிரி இரைந்தது.

தேநீர் தரும்போதே கவலையைச் சொன்னார். சுற்றுலாப் பதிவு எண் இல்லாத வீடுகளை மாத முடிவில் நீக்கிவிடுவதாக அந்தத் தளம் எழுதியிருக்கிறது. இந்த அறைகளை விட்டால் அவருக்கு வேறு வருமானம் இல்லை. பதிவுக்காகப் பார்வையிட வந்த அதிகாரி, அன்று தங்கியிருந்த ஒரு தம்பதியைக் காட்டி யாரென்று கேட்டாராம். மாமியின் மகளும் மருமகனும் என்று இவர் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் வந்துபோகும் வீட்டுக்கு அனுமதி எதற்கு என்று அதிகாரி திரும்பிப் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் மாடி அறையை வாடகைக்கு விடும் என் மைத்துனரும் இதே பொய்யைத்தான் சொல்கிறார், வரிக்குப் பயந்து. அக்கா சிரிக்கவில்லை.

"கையில பைலோட ஆர் வந்து கேட்டாலும் எங்கட வாயில அதுதான் வரும், தம்பி. அந்தச் சண்டைக் காலத்தில வெளியாள் எண்டு சொன்னா வந்தவையையும் கொண்டுபோவினம், எங்களையும் கொண்டுபோவினம்."

சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

அக்கா திரும்ப விண்ணப்பித்திருந்ததால், மறுநாள் காலை ஒன்பதரைக்கு அதே அதிகாரி மறுபடி வந்தார். இளைஞர், மரியாதையானவர். குளியலறை, தண்ணீர்த் தொட்டி, கதவுப் பூட்டு எல்லாம் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இவர் ஆர்?" என்றார்.

நானே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது அக்காவை. அக்காவின் நெற்றி வியர்த்துவிட்டது. அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

"காசு குடுத்துத் தங்கியிருக்கிறவர், சேர். எங்கட சொந்தமில்லை."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். பதிவு எண் வந்து சேரும் என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்.

பதினொரு மணி பஸ்ஸுக்கு நான் பையோடு வெளியே வந்தபோது அக்கா வேலிக் கதவான படலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். கண் தெருமுனையிலேயே இருந்தது.

"எங்களைக் கொண்டுபோக ஒருத்தரும் திரும்பி வரமாட்டினம்தானே, தம்பி?"

வரமாட்டார்கள் என்றேன். பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று கொஞ்ச நேரம் அவரோடு நின்றேன்.