எனிட் வரைந்த குடைகள்

இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன எங்கள் பர்ஸ்லம் ஊரில் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் தட்டைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவோம். எந்த ஆலைப் பீங்கான் என்று தெரியாவிட்டால் சாப்பாடு உள்ளே இறங்காது. என் நாத்தனார் ஏவிஸ் இதில் எங்களையெல்லாம் மிஞ்சியவள். அடியில் முத்திரையே இல்லாத ஜாடியைக் கொடுத்தாலும், விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, எந்த ஆலை, எந்தக் குயவர் என்று சொல்லிவிடுவாள். தூரத்து ஊர்களிலிருந்துகூடச் சாமானைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள்.

என் வீட்டுக்காரர் கிளாரிக்கு இரண்டு தங்கைகள். மூத்தவள் எனிட், இளையவள் ஏவிஸ். அவர்கள் அம்மா வழியில் எல்லோரும் பீங்கான் ஆலைக்காரர்கள். ஒரு மாமா சூளை அடுக்கினார், ஒரு சித்தி கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டினாள். எனிட் கால்வாய்க்கரை ஆலையில் வண்ணம் தீட்டினாள். ஏவிஸ் அங்கேயே வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டினாள்.

1950களின் நடுவில் எனிட் தானாகவே ஒரு சித்திரம் வரைந்தாளாம். மழையில் சாய்ந்து நிற்கும் மஞ்சள் குடைகள், நடுவில் ஒரே ஒரு சிவப்புக் குடை. சோதனைக்கு ஒரு காபி செட் மட்டும் செய்து பார்த்துவிட்டு, 'குடையை வெறித்துக்கொண்டு எவன் காபி குடிப்பான்' என்று மேலாளர் ஒதுக்கிவிட்டாராம். எல்லாமே எனிட் சொன்னதுதான். வீட்டில் வேறு யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நெஞ்சு நோயில் எனிட் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அது எனிட் கட்டிவிட்ட கதை என்று கிளாரி கண்ணை மூடும்வரை கேலி செய்தார்.

"எங்க எனிட்டோட குடையா? மழை பெஞ்சா வெளிய வரும், பாரு!"

ஏவிஸோ, சனிக்கிழமை விடிந்தால் பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பிவிடுவாள். தீட்டுகிற ஒவ்வொருத்தியும் தன் கூலிக் கணக்குக்காக அடியில் ஒரு குறி போடுவது ஆலை வழக்கம். எனிட்டின் குறி ஒரு செர்ரி இலை. குடையும் இலையும் ஒரே சாமானில் கிடைத்துவிட்டால் அக்கா பொய்க்காரி இல்லை என்றாகிவிடும். முப்பது வருஷமாக ஏவிஸ் தேடியது அதைத்தான்.

முன்பு அதே ஆலையில் வேலை பார்த்த பெரில் ப்ளூரின் வீட்டுக்காரர் ஸ்டான்லி இறந்து, அடக்கம் முடிந்து, எல்லோரும் அவள் வீட்டில் சிற்றுண்டிக்குக் கூடியிருந்தோம். பன்றி இறைச்சி சாண்ட்விச்சை வாயில் வைத்த ஏவிஸ் அப்படியே நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அந்த காபி ஜாடிய பாரு."

பெரிலின் மருமகள் சாண்ட்ரா அதிலிருந்துதான் ஊற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் குடைகள். நடுவில் சிவப்பு.

"சத்தம் போடாத. சாவு வீடு," என்றேன்.

"எப்படிப் புடிச்சிருக்கா பாரு! ஜாடி மூக்கப் புடிச்சுத் தூக்குறா. ஐயோ, மேசை ஓரத்துல வைக்கிறா!"

"காபி தீரட்டும். அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்."

ஆனால் காபி தீரவே இல்லை. தீரத் தீரச் சாண்ட்ரா நிரப்பிக்கொண்டே இருந்தாள். ஒரு கிழவர் ஜாடியின் மேலேயே தொப்பியை வைத்தார். ஏவிஸ் சாப்பிடவில்லை. ஜாடி போகும் பக்கமெல்லாம் அவள் கழுத்தும் திரும்பியது. கடைசியில் சாண்ட்ரா, "இதெல்லாம் மொத்தமா மெஷின்ல போட்டுக் கழுவிடலாம்," என்றாள். பளபளப்புப் பூச்சுக்கு மேல் தீட்டிய வண்ணம் அது. மெஷினில் நாலு தரம் போட்டால் குடைகள் கரைந்து போகும்.

நான் தடுப்பதற்குள் ஏவிஸ் ஜாடியிடம் போய்விட்டாள். மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, நிறைந்த ஜாடியைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்து பார்த்தாள். ஜாடியின் மூக்கிலிருந்து காபி அவள் கறுப்புச் சட்டைக் கைக்குள் ஒழுகியது. யாரோ ஒருவர், "அடியில என்ன போட்டிருக்கு, சொல்லேன்!" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ஏவிஸ் சிரிக்கவில்லை. ஜாடியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இலை இல்ல அண்ணி. மீன் போட்டிருக்கு. வேற யாரோ வரைஞ்சது. அண்ணன் சொன்னதுதான் சரி."

அதற்குள் பெரில் எங்களிடம் வந்துவிட்டாள்.

"சட்டையில காபி கொட்டுற அளவுக்கு என்னடி தேடுன?"

"மன்னிச்சுக்க பெரில். அந்த மீன் யாரோட குறி?"

"என்னோடதுதான். ஏன்?"

"அப்போ குடைங்க நீ வரைஞ்சதா?"

"நானா? எனக்கு ஒரு நேர்கோடு போட வராது. வரைஞ்சவ உங்க அக்கா. சோதனை செட்ட தீட்டுற வாரம் அவ இருமி இருமிப் படுத்துட்டா. அவ காகிதத்தப் பாத்து நான்தான் தீட்டுனேன். நான் தீட்டுனா என் குறிதான போடணும்? இல்லேன்னா கூலி எவன் குடுப்பான்?"

"இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லலியே!"

"நீ எப்போ கேட்ட?"

ஏவிஸ் உட்கார்ந்துவிட்டாள். "அடியில எனிட் பேரையும் எழுதிடுவியா?" என்று கேட்டாள்.

"உனக்கே தெரியும். இப்போ நான் எழுதினா, பின்னாடி வந்தவன் கிறுக்கின போலிம்பாங்க. இருக்கிற மீனையும் யாரும் நம்பமாட்டாங்க."

பேருந்து நிறுத்தத்துக்கு வரும் வழியில் ஏவிஸ் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவளோ கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தாள்.

"முன்ன ஒரு தரம் லீக் ஊர்ச் சந்தையில அந்தக் குடைக் கோப்பை ஒண்ணு கையில எடுத்தேன் அண்ணி. மீனப் பாத்துட்டு, வேற யாரோடதோன்னு யார்கிட்டயும் சொல்லாம திரும்ப வச்சிட்டேன்."

"நடந்தது நடந்துபோச்சு. இந்த ஜாடியாவது இருக்கே."

"ஜாடிய திருப்பிப் பாக்கிறவன் மீனத்தான பாப்பான்? பெரில் வாய்லதான் எனிட் இருக்கா. பெரிலுக்கு எழுபத்தெட்டு வயசு. இன்னிக்கு இருமினா, கவனிச்சியா?"

பேருந்து வந்து நின்றது. நான் ஏறிவிட்டேன். அவள் ஏறவில்லை.

"நீ போ அண்ணி. ஜாடி நாளைக்குச் சாண்ட்ராகிட்டதான் போகும். இத பெரில் சாண்ட்ராகிட்ட சொல்றத நான் என் காதால கேக்கணும்."

காபி காயாத சட்டைக் கையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, ஏவிஸ் வந்த வழியே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.