தாளைக் கறுக்க வைத்தது எது?

போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதானதால் மதுரைப் பேருந்துகள் பல கரிவாயுவில் ஓடின. வண்டியின் பின்புறத்து இரும்பு உலையில் அடுப்புக்கரியை எரித்து, அதில் பிறக்கும் வாயுவை இயந்திரத்துக்குச் செலுத்துவர். அவ்வாயுவிலுள்ள நஞ்சுக்கு மணமில்லை. மூச்சில் மிகுந்தால் உயிரைக் கொல்லும். கல்லூரியொன்றில் வேதியியல் கற்பித்துவந்த என்னைத் தல்லாகுளத்துப் பேருந்து முதலாளி ஒருவர் நாடி வந்தார். அவருடைய கொட்டகையில் ஓட்டுநர் மயங்கி விழுந்திருந்தார்.

பல்லேடியம் என்னும் உலோகத்தின் உப்புக்கரைசலில் தோய்த்த தாள் அந்நஞ்சு பட்டால் கறுக்கும். எந்த நிறம் எந்த அளவைக் குறிக்கும் என்று அறிய, ஆய்வகத்தில் அந்த நச்சுவாயுவை மட்டும் தூயதாக உண்டாக்கி, புட்டிகளில் காற்றோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து, ஒவ்வொன்றிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டேன். தோன்றிய நிறங்களை ஓர் அட்டையில் வரிசையாகத் தீட்டிக்கொண்டேன்.

விடியலில், கதவடைத்த கொட்டகையில் உலை மூட்டினார்கள். உலையருகே நான் கட்டிய தாள், அட்டையின் கடைசி நிறத்தையும் கடந்து மையாகக் கறுத்தது. முதலாளி மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

“தாளே சொல்லிருச்சுல்ல? உலை மூடிய ஒழுங்கா மாட்டல. இன்னையோட கணக்க முடிச்சுக்க.”

“மொதலாளி, அம்புட்டு கேஸும் வெளிய போனா வண்டி எப்படித் திருமங்கலம் போய்ச் சேரும்?”

மயக்கம் தெளிந்து வேலைக்குத் திரும்பியிருந்த ஓட்டுநர் மெக்கானிக்கின் தங்கை கணவர். “மச்சான், பேசாம இரு. ஒன் புள்ளைக நாலும் என் தலையில விழுந்துறப் போகுது” என்றார். சிரிக்கத்தான் சொன்னார்; ஒருவரும் சிரிக்கவில்லை.

எனக்கோ ஐயம். அட்டை கூறும் அளவு உண்மையெனில், உலையடியில் குனிந்திருந்த மெக்கானிக் நின்று வழக்காட இயலாது. நெருங்கியபோது பூண்டு நாற்றம் போன்ற ஒன்று மூக்கில் ஏறியது. அவன் காலடியில் அணைந்த கார்பைடு விளக்கொன்று. உள்ளே கார்பைடு கல்லின்மேல் நீர் இன்னும் சொட்டி, விளக்கை எரிக்கும் வாயுவை எழுப்பிக்கொண்டிருந்தது.

“தண்ணித் திருகை அடைக்கவில்லையா?”

“அடைச்சா வெளக்கு தானா அவிஞ்சு போகுமேய்யா. தொழில் நடக்குற எடத்துல வெளக்கு தானா அவியலாமா? வாயால ஊதவும் கூடாது. அதான் கையால விசிறி அமத்திருவேன்.”

எண்ணெய் விளக்குக்குரிய ஒழுக்கத்தை அவன் கார்பைடு விளக்குக்கும் காட்டியிருந்தான். சுடர் அமர்ந்த பின்னும் வாயு ஊறிக்கொண்டேயிருந்தது.

முதலாளியிடம் ஒருநாள் தவணை கேட்டு வாங்கினேன். ஆய்வகத்தில் புதிய தாளைக் கார்பைடு வாயுவில் காட்டியதும் அது அதே மையாயிற்று. தாள் பொய்யுரைக்கவில்லை. ஆயினும் என் அட்டை ஒரே வாயுவுக்கென வகுத்தது. வேறொரு வாயு விளைத்த கருமையை அதில் வைத்துப் படிப்பது, எண்ணெயின் எடைக்கென வகுத்த படியால் நெல்லின் எடையைக் கூறுவதற்கு ஒப்பாகும். கருவியின் விடையைக் காண்பதற்கு முன், வினா எதுவென்று காண வேண்டும்.

மறுநாள் விளக்கை அகற்றிவிட்டு, உலை மூடியருகிலும் எதிர்ச்சுவரிலும் தாள்களைக் கட்டினேன். இரண்டும் ஒரே சாம்பல் நிறம் கொண்டன. மூடி கசிந்திருந்தால் அதன் அருகில்தான் நிறம் மிகுந்திருக்கும். உலை மூட்டும்போது நெருப்புப் பிடிக்கச் சுழற்றும் ஊதுவிசிறி வெளித்தள்ளும் வாயு, அடைத்த கதவுக்குள் எங்கும் நிரம்பியதே காரணம். அந்தச் சாம்பல் நிறமும் தலைசுற்றலுக்குப் போதுமானது என்றேன்.

கதவை அடைக்கச் சொன்னவர் முதலாளி. அவர் தாள்களை மாறி மாறிப் பார்த்தார்.

“கதவத் தொறந்து போட்டா கரி மூட்டைய எவன் காக்குறது?”

“வண்டிய வெளிய தள்ளிட்டு மூட்டுவோம் மொதலாளி. கதவு பூட்டியே கெடக்கட்டும்” என்றான் மெக்கானிக்.

“அம்புட்டுப் பெரிய வண்டியத் தெனமும் யாரு தள்ளுறது?”

“நானும் மாப்ளயும் தள்ளுறோம்.”

முதலாளி, “சரி, தள்ளுங்க பாப்போம்” என்று தாமே கதவின் தாழை நீக்கினார்.