அப்பப்பா வாங்கிய கிராமபோன்

யாழ்ப்பாணத்தில் நடந்த பழம்பொருள் ஏலமொன்றில், எனக்கு அருகே நின்ற வேட்டிக்காரர் எல்லோரையும் மிஞ்சி விலை கேட்டு ஒரு கிராமபோனை எடுத்தார். சங்கிலி, மோதிரம், கைக்கடிகாரம் என அவரிடம் எல்லாமே புதிதாக மினுங்கின. ஏலக்காரர் பெட்டியைத் துடைக்கப் போனதும் இவர் பதறிவிட்டார்.

“தூசியைத் தொடாதையும் தம்பி! வெள்ளிக்கிழமை மகளைப் பொம்பிளை பாக்க வருகினம். பழைய குடும்பமோ எண்டு விசாரிக்கிற ஆக்கள். இது என்ரை அப்பப்பா வாங்கினதெண்டு சொல்லப்போறன்.”

ஆண்டு விஷயத்தில் என் வாய் சும்மா இருக்காது.

“அப்பப்பா எப்ப காலமானவர், அண்ணை?”

சொன்னார். பெட்டியின் அடியில் பொறித்திருந்த ஆண்டைக் காட்டினேன்.

“அவர் செத்துப் பத்து வருசத்துக்குப் பிறகெல்லோ இதைச் செய்திருக்கினம்?”

குனிந்து பார்த்தார். முகம் கறுத்து, பிறகு தெளிந்தது.

“அப்ப, மனுசன் இன்னுமொரு பதினைஞ்சு வருசம் இருந்திட்டுப் போகட்டும்!”

இறந்தவருக்கு இத்தனை தாராளமாக ஆயுள் கொடுத்தவரை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை.