பைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

வருஷம் தவறாமல் ஒரே பூங்காவுக்குப் போகிற குடும்பங்களைப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள். ஏன் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறீர்கள் என்றால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் அலைக்குளம் என்பார், இன்னொருவர் ராட்டினம் என்பார். குழந்தைகள் விடமாட்டேன் என்கிறார்கள் என்று பழியைத் தூக்கிச் சின்னதுகள் தலையில் போடுகிறவர்களும் உண்டு. நீங்கள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தபோது பைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும்.

இப்போது சொல்லப்போகிற குடும்பத்தில் அந்த ஆளுக்கு டோக்கன் அத்தை என்று பெயர். வைத்தவர்கள் அவளுடைய நாத்தனாரின் பையன்கள். ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்துக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் கையிலிருக்கும் பையை அங்கே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுக்கிறவள் இவள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு பை மாறியதில்லை, ஒரு டோக்கன் தொலைந்ததில்லை. அங்கே ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்வாள்.

வீட்டிலும் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். அந்தச் சுவரில் ஒரு கழிவுநீர்க் குழாய். அடுப்பில் எது கொதித்தாலும் அவள் பார்த்துக்கொண்டிருப்பது அந்தக் குழாயைத்தான்.

அதனால்தானோ என்னவோ, பூங்காவில் இருக்கிற அத்தனையிலும் அவளுக்கு ஆசை ராட்டினத்தின் மேல் மட்டும்தான். சறுக்கு வேண்டாம், படகு வேண்டாம், தண்ணீரே வேண்டாம். அந்த உயரத்தில் ஏறி, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சுவர் எதுவும் குறுக்கே வராமல். இவ்வளவுதான் ஆசை. கேட்டால் சிரிப்பு வரும், கிடைக்காதவளுக்கு வராது.

ஏன் கிடைக்கவில்லை என்றால், முதல் வருஷம் வயிற்றில் பிள்ளை. "நீ ஏறக்கூடாதும்மா, உட்கார்ந்துக்க" என்று சிமெண்ட் காளான் நிழலில் ஒரு பெஞ்சைக் காட்டினார்கள். உட்கார்ந்தவள் மடியில் ஒரு கைப்பை வந்தது, அப்புறம் ஒரு துண்டுப் பை, அப்புறம் எல்லோருடைய செருப்பும். அடுத்த வருஷம் கைக்குழந்தை. அதற்கடுத்த வருஷம் குழந்தைக்குச் சளி. பிறகு காரணமே தேவைப்படவில்லை. "உனக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் வேலை சுலபம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். நாத்தனாரின் கணவர் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், வருஷம் முழுக்க விறைப்பாக நிற்கிற மனுஷன். அலைக்குளத்தில் சங்கு ஊதி முதல் அலை வந்ததும் பத்து வயசுப் பையனாகிக் கத்துவார். நாத்தனாருக்கும் தம்பிகளுக்கும் வீட்டில் பேச்சு ஆரம்பித்தால் வாக்குவாதத்தில்தான் முடியும். இங்கே மூன்று பேரும் கை கோத்துக்கொண்டு சறுக்கில் விழுவார்கள். இவள் கணவன் மருந்துக்கடையில் நாள் பூரா நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டு, "இங்க வந்தாதான் காலு எனக்குச் சொந்தம்னு தோணுது" என்பான். அதைக் கேட்கும்போது அவளுக்கே சந்தோஷமாக இருக்கும். அந்த சந்தோஷத்தை எப்படிக் கெடுப்பது?

இந்த வருஷம் ஒரு நம்பிக்கை இருந்தது. கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி, வீட்டுக்கு இன்னொரு மருமகள் வந்திருந்தாள். மகளும் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், இடுப்பில் தூக்கித் திரிய வேண்டியதில்லை. புறப்படுகிற அன்று காலை, சாப்பாட்டு டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டே கணவனிடம் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, இந்த வருஷம் நானும் ராட்டினத்துல ஏறணும்."

"ஏறேன். யாரு வேண்டாம்னு சொன்னா?"

வினையே அதுதான். எந்தக் காலத்திலும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

பூங்காவுக்குள் நுழைந்ததும் காலே வழி காட்டியதுபோல் எல்லோரும் நேராகக் காளானடிக்குப் போனார்கள். பைகள் இறங்கின. செருப்புகள் கழன்றன. புது மருமகள் தயங்கித் தயங்கி, "அக்கா, நான் வேணா இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நல்ல பெண். ஆனால் அவள் வாயை மூடுவதற்குள் நாத்தனார் புகுந்துவிட்டாள்.

"சும்மா இரு. முதல் தடவையா வந்திருக்க, பெஞ்சுல உட்காரவா வந்த?"

எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அவளுடைய வாயே அவளைக் காட்டிக்கொடுத்தது.

"நீ போயிட்டு வாம்மா. நான் அப்புறம் போய்க்கறேன்."

சொன்ன மறுநொடி தன் நாக்கைத் தானே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவர்கள் போய்விட்டார்கள். மகளும் தன் பெரியத்தையான நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டே போனாள். டோக்கன் அத்தை பைகளை இழுத்து முழங்காலோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கால்களை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சாப்பிட வந்தார்கள். சாப்பிட்டார்கள். "இதோ, ஒரே ஒரு அலை, அப்புறம் நீ போ" என்றார்கள். அதற்குள் அவள் கண்ணில் ஒரு பலகை பட்டது. கழிப்பறைகளுக்குப் பக்கத்தில் நீலக் கதவு போட்ட ஒரு அறை, உள்ளே வாடகைக்கு இரும்புப் பெட்டிகள்.

"அண்ணி, பையெல்லாம் அங்க வச்சுப் பூட்டிடலாமே?"

நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "காசையும் கொடுத்து இரும்புப் பெட்டியை நம்பணுமா? நம்ம வீட்டுப் பொண்ணு நீ இருக்கும்போது? உன் மேல இருக்கிற நம்பிக்கை எனக்கு வேற எது மேலயும் வராதும்மா." மனசாரச் சொன்னாள். கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்படிப் பாராட்டிவிட்டால் அப்புறம் அந்த இடத்தை விட்டு எப்படி எழுந்திருப்பது? பூட்டுப் போட்டு வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு.

அலைக்குளத்துச் சங்கு மறுபடியும் ஊதியது. ஒலிபெருக்கியில், காற்று அதிகமாவதால் ராட்டினம் இன்னும் சற்று நேரத்தில் நிறுத்தப்படும் என்று ஒரு குரல் சொன்னது. இன்னும் ஒரு வருஷம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. அடுத்த வருஷம் புது மருமகளுக்கு வயிறு தெரியும், வீட்டிலேயே ஓய்வாக இருக்கட்டும் என்பார்கள். அதற்கடுத்த வருஷம் கைக்குழந்தை. நமக்கு ஒரு முறை வராது, ஒருநாளும் வராது என்று அப்போதுதான் அவளுக்கு முதல்முதலாக உறைத்தது.

எழுந்தாள். அங்காடியில் எத்தனை பைகளைத் தோளில் மாட்டி எடுத்து வைத்திருக்கிறாள், இது எம்மாத்திரம். இரண்டே நடையில் எல்லாவற்றையும் நீல அறைக்குக் கொண்டுபோய்த் திணித்துப் பூட்டி, சாவிகளை முந்தானையில் முடிந்துகொண்டாள். செருப்புகளை மட்டும் பெஞ்சுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள். பழஞ்செருப்பை எவன் தூக்கப் போகிறான்?

ராட்டினத்துக்காரர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "தனியாவா? கூட யாரும் இல்லையா?"

"இருக்காங்க. குளத்துல இருக்காங்க."

கூண்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ராட்டினம் மெல்ல எழும்பியது. முதலில் மரங்கள் கீழே போயின, பிறகு காளான், பிறகு சறுக்கின் உச்சி. அதற்குமேல் ஒன்றுமே குறுக்கே வரவில்லை. கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், அவற்றுக்கு அப்பால் ஒரு சாலை, சாலைக்கு அப்பால் ஒரு ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் ஒரு ரயில். அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. இவ்வளவு நாளும் இதெல்லாம் இங்கேயேதான் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது கோபமும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததில் எதைத் துடைப்பது என்று தெரியவில்லை.

இரண்டாவது சுற்றில்தான் கீழே பார்த்தாள்.

குடும்பம் திரும்பி வந்திருந்தது. ஈரம் சொட்டச் சொட்டக் காலி பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். கொழுந்தன் குப்பைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். தலைமை ஆசிரியர் அரைக்கால் சட்டையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேடட்டும், நன்றாகத் தேடட்டும். நம்மைத் தேடுகிறார்களா, பையைத் தேடுகிறார்களா என்று ஒரு நினைப்பு ஓடியது. பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்க்கிறார்கள் என்றால் பதில் தெரிந்ததுதானே. சரி போகட்டும் என்று விட்டாள்.

அப்புறம் நாத்தனார் எல்லோரையும் ஆளுக்கு ஒரு திசையாகக் கை காட்டி அனுப்பினாள். இவள் மகளும் அவர்களோடு போகப் பார்த்தாள். நாத்தனார் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, பெஞ்சைக் காட்டினாள். செருப்புகளை வாரி எடுத்து வந்து பெஞ்சில் போட்டாள், ஈரத் துண்டுகளையும் மேலே போட்டாள். பிள்ளை ஏறி உட்கார்ந்தது. கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, இரண்டு கைகளையும் செருப்புக் குவியலின் மேல் வைத்துக்கொண்டது. யாரும் சொல்லித் தரவில்லை. பிறந்த நாளிலிருந்து பார்த்து வைத்திருக்கிறதே.

"எந்திரிடி!" என்று மேலேயிருந்து இவள் கத்தினாள். "எந்திரிச்சு ஓடுடி!"

ஒலிபெருக்கிப் பாட்டுச் சத்தத்தில் பக்கத்துக் கூண்டுக்கே கேட்டிருக்காது. கதவைப் பிடித்து உலுக்கினாள். வெளியே போட்ட தாழ்ப்பாள். ராட்டினம் தன் பாட்டுக்கு அவளை மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டு போனது. ஏரி வந்தது, ரயில் போயிருந்தது. அவள் எதையும் பார்க்கவில்லை.

இறங்கியதும் ஓட்டம்தான். மகளுடைய உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது. அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அம்மா, நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. ஒரு செருப்புகூடத் தொலையல."

"யாரு உன்னை உட்காரச் சொன்னது?"

"பெரியத்தை. நான் உன்னை மாதிரியே சமத்தாம்."

அவள் மகளைத் தூக்கி நிறுத்தி, முந்தானையால் தலையைத் துவட்டினாள். அதற்குள் கணவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"எங்க போன? பையெல்லாம் காணோம்னு எல்லாரும் பதறிப் போயிட்டாங்க!"

முடிச்சை அவிழ்த்து சாவிகளை அவன் கையில் வைத்தாள். "நீலக் கதவு ரூம்ல இருக்கு. எல்லாம் பத்திரமா இருக்கு."

"நீ எங்க கிளம்பிட்ட?"

"இவளை ராட்டினத்துல ஏத்தறதுக்கு. நிறுத்தப் போறாங்க."

அவன் சாவியைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான், ஆளில்லாத பெஞ்சைப் பார்த்தான். "அப்போ இங்க யாரு இருப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டான். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நீங்க இருங்க" என்றாள்.

மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள். ராட்டினத்துக்காரர் கடைசிச் சுற்று என்று சொல்லி ஏற்றிக்கொண்டார். கூண்டு எழும்பியது. மரம் கீழே போனது, காளான் கீழே போனது. மகளை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, அவள் இன்னொரு கையை நீட்டினாள்.

"அங்க பாரு, எவ்வளவு பெரிய ஏரி! அந்தச் சாலையைப் பாரேன், எவ்வளவு தூரம் போகுதுன்னு."

மகள் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நேர் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பார்க்கற? எதிர்ல பாரு."

"அப்பா எந்திரிச்சுப் போயிட்டாரும்மா. செருப்பைப் பார்த்துக்க யாருமே இல்ல."

அவள் பிள்ளையின் தாடையைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் தலை மறுபடியும் கீழே குனிந்தது.

"எப்பம்மா இறங்குவோம்?" என்று கேட்டாள் மகள்.