யூலை மாதத்துச் சினோ

போன கிழமை காருக்குப் பனிக்கால ரயர் மாற்றப் போயிருந்தேன். வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு கராஜ். முதல் சினோ, அதுதான் வெண்பனி, கொட்டிய மறுநாள் போனால் பாதி ஸ்காபுரோவும் அங்கேதான் நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருடமும் நான் அந்த மறுநாள்தான் போகிறேன். காத்திருக்கும் அறையில் புது ரப்பர் மணம், கருகிய கோப்பி, சுவரில் ஒரு பெரிய ரீவி. ரீவியில் கிறிஸ்மஸ் படம்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். தியேட்டருக்கு வராமல் ரீவிக்கென்றே எடுக்கிற படங்கள். நகரத்தில் பெரிய வேலை பார்க்கும் ஒரு பெண் ஏதோ காரணத்தால் சின்ன ஊர் ஒன்றுக்கு வருவாள். அங்கே மூடப்போகிற ஒரு பேக்கரி இருக்கும், கட்டம் போட்ட சேட்டோடு ஒருவன் இருப்பான். யாரோ யாரிடமோ ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். ஒன்றேகால் மணித்தியாலத்தில் பொய் பிடிபடும், அழுவார்கள். அடுத்த பத்து நிமிடத்துக்குள் எல்லாரும் எல்லாரையும் மன்னித்து, மேலேயிருந்து சினோ கொட்ட, ஒரு நீதியோடு படம் முடியும். பிரச்சினை எவ்வளவு பெரிதானாலும் கிறிஸ்மஸ் இரவுக்கு முன்னம் தீர்ந்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

பக்கத்துக் கதிரையில் எங்கள் தமிழ்ப் பெண்பிள்ளை ஒன்று, இங்கே பிறந்ததாக இருக்கவேண்டும், படத்தை வாய் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பிள்ளை, உது பொய்ச் சினோ."

"ரியலி, அங்கிள்? எப்பிடித் தெரியும்?"

"கதைக்கிறவையின்ரை வாயிலை புகை வருகுதோ பாருங்கோ. பின்னாலை மரத்தைப் பாருங்கோ, பச்சை இலை. உது கோடையிலை எடுத்தது."

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அங்கிள் உந்தப் படம் எல்லாம் பாப்பீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்று மட்டும் சொன்னேன். ஒரு குளிர்காலம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தேன் என்று ரயர் கடையில் வைத்து ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியுமா? உங்களுக்கென்றால் சொல்லலாம்.

நான் வந்த புதிதில் மோர்னிங்சைட்டில் ஒரு பிளாசாவின் முன்னால் விடியற்புறம் ஒரு வான் வரும். அன்றைக்கு என்ன வேலை என்பது ஏறியபிறகுதான் தெரியும். ஒருநாள் கோழி வெட்டு, ஒருநாள் பெட்டி மடிப்பு, ஒருநாள் காளான் பிடுங்கல். ஒரு யூலை மாதம் வான்காரர் திரும்பிப் பாராமலே சொன்னார்.

"இண்டைக்குச் சினோ வேலை."

"சினோ அள்ளுறதோ? இந்த வெயிலுக்கையோ?"

"அள்ளுறதில்லையப்பா. போடுறது."

ரொறொன்ரோவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். அதன் பெரிய தெருவை அப்படியே கிறிஸ்மஸ் ஆக்கியிருந்தார்கள். நாங்கள் புல்லின் மேல் வெள்ளைக் கம்பளியை உருட்டி விரித்தோம். அதன்மேல் குழாயால் கடதாசித் தூளை ஊதினோம். யன்னல் விளிம்புகளில் சவர்க்கார நுரை வைத்தோம். இப்போதும் நனைந்த பேப்பர் மணம் எங்காவது வந்தால் எனக்குக் கிறிஸ்மஸ் ஞாபகந்தான் வரும், என்ன செய்ய.

மத்தியானம் போல் தெருவில் நடக்கிற ஆட்களில் ஒருவன் வரவில்லையாம். என்னைப் பிடித்துக் கம்பளிக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் போட்டு, கையில் ஒரு பார்சலைத் தந்து, பேக்கரியைத் தாண்டி நட என்றார்கள். பதினொரு தரம் நடந்தேன். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலும் நான் அப்படி வேர்த்ததில்லை. ஒவ்வொரு தரமும் ஒரு பெண் ஓடிவந்து முகத்தில் பஞ்சால் ஒற்றிவிட்டுப் போவாள். என் முகம் கமராவில் விழவே இல்லை என்பது வேறு கதை.

என்னோடு அறையில் இருந்த செல்வண்ணையும் அந்த வேலைக்கு வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எங்கே போனாலும் கழுத்தில் ஒரு கமரா. சாப்பாட்டு நேரம் அந்தத் தெருவின் முனை வீட்டுக்கு முன்னால் என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அழகான வீடு. விறாந்தை, கதவில் பச்சை வளையம், படியெல்லாம் சினோ, உள்ளே யன்னலுக்கால் கணப்பு நெருப்புத் தெரியும். நான் கோட்டும் தொப்பியுமாக, ஏதோ என் முதுசச் சொத்துப் போல, விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இனித்தான் என் கெட்டித்தனம். என் மனைவி சாந்தி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். நான் வெளிக்கிடும்போது அவளுக்கு நாலு மாதம். பிள்ளை பிறந்ததையே நான் ரெலிபோன் கார்ட்டில்தான் கேட்டேன். துளசி என்று பெயர் வைத்ததும் ரெலிபோனில்தான். ஒவ்வொரு தரம் எடுக்கும்போதும் சாந்தி, "வீடு எப்பிடி? குளிர் உள்ளுக்கை வராதோ?" என்று கேட்பாள். வோபர்னில் ஒரு பேஸ்மென்ற்றில் ஐந்து பேர் இருந்தோம். யன்னலால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும், குளிர்காலத்தில் அதுவும் தெரியாது. இதை எப்படிச் சொல்வது? நல்ல வீடு, பெரிய வீடு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தப் படத்தையும் அனுப்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் படத்தின் பின்பக்கம் இடமும் மாதமும் எழுதாமல் விட்டால் அப்பாவுக்குப் பொறுக்காது. அந்தப் பழக்கம் கைக்குள் ஊறிப்போய்விட்டது. வடிவான எழுத்தில், "எனது வீட்டு வாசலில், ரொறொன்ரோ, யூலை" என்று எழுதினேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குப் பொய்யும் வராது, பொருத்தமும் வராது.

அடுத்த வருடம் அவர்களைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் விண்ணப்பம் போய், சாந்தியைக் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். குடும்பம் உண்மை என்பதற்குக் கடிதம், படம் எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் எல்லாவற்றையும் போட்டுவைத்த பிஸ்கற் ரின்னையே கொண்டுபோனாள். அதிகாரி அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். இது உங்கள் கணவரின் வீடா என்று கேட்டார். ஓம் என்றாள். விண்ணப்பத்திலோ பேஸ்மென்ற் என்று நானே எழுதியிருந்தேன். கனடாவில் யூலையில் சினோ கொட்டுமா என்று கேட்டார்.

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. சான்றாகக் கொடுத்த படம் போலியாகத் தெரிகிறது, கணவரின் இருப்பிடம் பற்றி மனைவி சொன்னது விண்ணப்பத்தோடு பொருந்தவில்லை, ஆகவே நிராகரிக்கிறோம். நான் அந்தக் கடிதத்தைக் கட்டிலில் இருந்து வாசித்தேன். பிறகு நின்று வாசித்தேன். நின்று வாசித்தாலும் அதுதான் இருந்தது.

நான் நடிக்காமல் நடித்த அந்தப் படத்தின் கதையை செற்றில் ஒருவர் சொல்லியிருந்தார். அன்பானவர்களுக்குப் பொய் சொல்லக்கூடாது என்பதுதான் அதன் நீதியாம். அன்று பின்னேரம் ரெலிபோன் கார்ட் வாங்கி சாந்திக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வான், கடதாசித் தூள், பேஸ்மென்ற், ஐந்து பேர். படத்தில் என்றால் இந்த இடத்தில் வயலின் வரும். எல்லாம் சொல்லி முடிய அவள் கேட்டாள்.

"அப்ப இவ்வளவு காலமும் பனிக்கு எங்கை படுத்தனீங்கள்?"

கார்ட் முடியும்வரைக்கும் அழுதேன். அது முடிவதற்குச் சற்று முன்னம் அவள் சொன்னாள், "இனி நானும் படம் அனுப்பமாட்டன். நீங்களும் அனுப்பாதேங்கோ. படத்தாலைதான் எல்லாம்." பிள்ளையின் பிறந்தநாளுக்கு வருடம் ஒரு படம் வரும். மூன்றாவது பிறந்தநாள் படத்தோடு அது நின்றது.

அப்பீலுக்குப் போனோம், முறை வரவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. லோயர் அம்மா, அந்தச் சினோ படப்பிடிப்புக்குப் போட்டது என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார். வான்காரர் பெயரும் எழுதாமல் ஆட்களை ஏற்றி இறக்கியவர், அவர் எங்கே கடிதம் தருவார்? படக் கம்பனியைத் தேடினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கம்பனி திறந்து, படம் முடிய அதை மூடிவிடுவார்களாம். அந்த ஊருக்கு பஸ் பிடித்துப் போனேன். முனை வீட்டு மனுசி கதவைச் சங்கிலியோடு ஒரு சாண் திறந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சாத்திவிட்டா. அவவில் பிழை இல்லை, ஒரு வீட்டு வாசலில் போய் நின்று இது என் வீடில்லை என்று எழுதித் தாருங்கள் என்றால் யார்தான் தருவார்கள்.

"படத்தையே கொண்டுவாங்கோவன்," என்றார் லோயர் அம்மா. படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. எடுக்கும்போது ஒரு பெயராம், போடும்போது வேறு பெயராம். வழக்கு மாசியில். ஆகவே அந்த நவம்பர் தொடக்கம் ரீவியில் வருகிற கிறிஸ்மஸ் படம் அத்தனையையும் பார்ப்பது என்று முடிவாயிற்று.

எங்கள் ஐந்து பேரில் ஒருவரும் வேதக்காரர் இல்லை. சுவரில் பிள்ளையார் படம், அதற்குக் கீழே இரண்டு ரீவி, இரண்டு ரெக்கோடர். வேலை நேரத்துக்கு ஏற்றபடி முறை வைத்தோம். ஒரு கொப்பியில் எழுதினோம். "பேக்கரி உண்டு, விறாந்தை இல்லை." "விறாந்தை உண்டு, தூண் வேறு." "நாய் வருகுது, எங்கடை படத்தில் நாய் இல்லை." நான் மனத்துக்குள் ஒவ்வொரு படத்தையும் கெஞ்சுவேன், நீயாக இரு, நீயாக இரு. ஐந்து நிமிடத்தில் அது இல்லை என்று தெரிந்துவிடும், ஆனாலும் நிறுத்தமாட்டேன். ஒருவேளை இன்னொரு தெரு வந்தால்? செல்வண்ணை எல்லாப் படத்துக்கும் அழுவார். "இந்தப் பெட்டை பாவமடா, தேப்பன் வரமாட்டான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள்," என்பார். எனக்கு அதைக் கேட்க விசர் வரும். அந்தத் தேப்பன் வருவான். அவன் வருவது நிச்சயம். அவனில் எனக்கிருந்த பொறாமை யாரிலும் இருந்ததில்லை.

மார்கழி இருபது வந்தது, இருபத்துநாலு வந்தது, எங்கள் படம் வரவில்லை. கிறிஸ்மஸ் அன்று நான் சாப்பிடவில்லை. ஒரு ரீவிக்காரரும் வாங்காத படமாக இருந்தால் என்ன செய்வது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே கிடைத்தது என்று சொன்னால் கதைக்கு வடிவாக இருக்கும். இல்லை, ஊரெல்லாம் மரத்தைக் கழற்றி வெளியே போட்டுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், நான் வேலையில் நிற்க, செல்வண்ணை போன் எடுத்தார்.

"உன்ரை முதுகு வந்தது."

"முகம்?"

"முகம் இல்லை. ஆனா வீடு வந்தது. தூணும் வந்தது. பதிஞ்சு போட்டன்."

மாசியில் ஒரு சின்ன அறையில் தள்ளுவண்டி ரீவி ஒன்றைக் கொண்டுவந்து அந்த ரேப்பைப் போட்டார்கள். விசாரித்தவர் கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண். வீட்டையும் என் படத்தையும் மாறிமாறிப் பார்த்தா. பிறகு கொழும்புக்கு ரெலிபோன் போட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாந்தியைக் கேட்டா. இந்தப் படம் வந்தபோது அது உங்கள் கணவரின் வீடு என்று நம்பினீர்களா?

"இல்லை," என்றாள் சாந்தி.

நான் நிமிர்ந்தேன்.

"ஏன் நம்பவில்லை?"

"அவற்ரை முகமெல்லாம் வேர்வை. சினோவுக்கை நிண்டு ஆரும் வேர்ப்பினமே?"

"அப்படியானால் அதிகாரியிடம் ஏன் ஓம் என்றீர்கள்?"

"அவர் தன்ரை கையாலை எழுதியிருந்தவர். அதைப் பொய்யெண்டு நான் எப்பிடி இன்னொராளுக்குச் சொல்லுறது?"

மொழிபெயர்ப்பாளர் அதை மெல்ல மெல்லச் சொன்னார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா பேனையை மூடி வைத்துவிட்டு ரீவியை நிப்பாட்டச் சொன்னா. அப்பீல் வென்றது.

படத்தில் என்றால் அடுத்த காட்சியில் விமானம் இறங்கும். எங்களுக்கு அதற்குப் பிறகும் இரண்டு வருடம் போனது. மெடிக்கல் முடிய பொலிஸ் றிப்போட் காலாவதி, அது வர மெடிக்கல் காலாவதி. ஒரு பங்குனி மாதம், தெருவெல்லாம் கறுத்த சேறாய் உருகிக் கிடந்த நேரம், வருகிறோம் என்று சொன்னார்கள். துளசிக்குக் கோட்டு வாங்கப் போனேன். எட்டு வயது என்று எனக்குத் தெரியும், எத்தனை படிவத்தில் நானே எழுதியிருக்கிறேன். கடைப்பிள்ளை எட்டு வயது அளவில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். என்ன இவ்வளவு பெரிசு, என் பிள்ளை சின்னப்பிள்ளை என்று சொல்லி, கடைசியாக வந்த பிறந்தநாள் படத்தில் கண்ட அளவுக்கு, கீழ்த்தட்டில் இருந்து ஒரு சிவப்புக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

விமான நிலையத்தில் சாந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு ஒரு நெட்டைப் பிள்ளை, கூட வந்த யாருடையதோ என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை.

"துளசி, அப்பாவுக்கு வணக்கம் சொல்லு," என்றாள் சாந்தி.

பிள்ளை வணக்கம் சொன்னது. மரியாதைக்கு நான் நீட்டிய கோட்டுக்குள் ஒரு கையையும் விட்டுப் பார்த்தது. முழங்கையோடு நின்றுவிட்டது. "பரவாயில்லை," என்று என்னைப் பாராமலே சொல்லிவிட்டுக் கழற்றித் தந்தது. சாந்தி தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். நான் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு அவர்களுக்கு முன்னால் கார் நின்ற இடத்துக்கு நடந்தேன். அந்தக் கோட்டுக்கு அளவான பிள்ளையை நான் ஒருதரமும் தூக்கியதில்லை.