ஓடை பிரித்த கொயினா

ஊசி போடுகிற டாக்டரைத் தேடி நோயாளி ஓடி வருவான்; ரத்தம் எடுத்து ஆராய்ச்சி செய்கிற டாக்டரைக் கண்டால் நன்றாக இருக்கிறவனும் ஓடிப்போவான். இந்தத் தொழிலில் பெட்டி தூக்கியவர்களுக்கு என் கஷ்டம் தெரியும். யுத்த சமயத்தில், பட்டணத்து மெடிக்கல் காலேஜில் மலைக்காய்ச்சல் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய டாக்டர் தருமபுரிக்கு வந்தார். அவருடைய மைக்ராஸ்கோப்பைச் சுமந்துகொண்டு வத்தல்மலை ஏறினவன் நான்.

விரல் நுனி

வீடு வீடாகப் போய் விரலில் குத்தி, ஒரு பொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக்கொள்வோம். ஊர்க்கவுண்டர் முதலில் விரலை நீட்டினார். அதைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். வயசான ஒரு ஆயா மட்டும், செவ்வாய் வெள்ளியில் வீட்டைவிட்டு எதுவும் வெளியே போகக்கூடாது என்றுவிட்டாள்.

புதன்கிழமை போனோம். குத்தும்போது முகம் சுளிக்கவில்லை. கண்ணாடியைப் பெட்டியில் வைத்ததும் என் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து முடிச்சதும் பத்திரமா கொண்டாந்து குடுத்துடணும் தம்பி. இந்த வயசுல எனக்கு மறுபடி ஊறாது."

ஓடைக்கு இந்தப் பக்கம்

ஊருக்கு நடுவில் ஓர் ஓடை. கிழக்குப் பக்கத்து வீடுகளுக்கு மழைக்காலம் முழுக்கக் கொயினா, அதாவது குவினைன் மாத்திரை. மேற்கே ஒன்றும் கிடையாது. பிறகு இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட்டால், மாத்திரை காய்ச்சலை வராமல் தடுக்கிறதா என்று தெரிந்துவிடும். அதுதான் ஆராய்ச்சி. யுத்தத்தில் கொயினா கிடைப்பதே பெரும்பாடு, எல்லாருக்கும் கொடுக்கவும் வழியில்லை.

கவுண்டர் வீடு மேற்கே. மருமகள் காளியம்மாளுக்கு ஏழாம் மாசம். போன வருஷக் காய்ச்சலில் அவளுக்கு ஒரு தரம் கரு கலைந்திருந்தது. மேற்கே ஏன் மாத்திரை இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கவுண்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஐயாவுக்கு எங்க மேல என்னங்க கோவம்? மொதல்ல வெரல நீட்டுனதே நானுங்க."

இரண்டு பக்கமும் ஒன்று

மழை பிடித்து ஒரு மாசம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். காய்ச்சல் கிருமி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி! மாத்திரை தின்றவனும் தின்னாதவனும் ஒன்றென்றால் டாக்டர் என்ன எழுதுவார்? சாப்பிட வைத்த களி ஆறிக் கட்டியாகிவிட்டது, அவர் தொடவில்லை. கடைசியில் என்னையே கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். எனக்கு ஊதாப் பொட்டுகள்தான் தெரிந்தன. "உனக்காவது ஏதாச்சும் புரியுதாப்பா?"

பாதி மாத்திரை

மறுநாள் கிழக்குப் பக்கம் மாத்திரை கொடுத்துவிட்டு வந்தவன், மறந்த குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். ஒரு வாசலில் கூட்டம். வேட்டைக் கறியைப் பங்கு போடுகிற மாதிரி இலைகளைப் பரப்பி, மாத்திரைகளைக் கத்தியால் பாதி பாதியாக வெட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பக்கத்து ஆட்கள் தங்கள் பங்குக்குக் காத்திருந்தார்கள். ரத்தத்தைத் திருப்பிக் கேட்ட ஆயாதான் வெட்டுகிறாள்.

"என்ன அநியாயம் இது?" என்று கத்தினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடாத தம்பி, கை ஆடுது. ஊருக்குள்ள வந்தது ஊருக்குத்தான். உனக்கும் ஒரு பாதி வேணுமா?"

கவுண்டர் வீடு

விஷயம் தெரிந்ததும் டாக்டர் ஓடையைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். பெட்டியோடு பின்னால் ஓடினேன். கவுண்டர் வீட்டுக்குள் காளியம்மாள் கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தி, பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். பாதி மாத்திரை அவளுக்குப் போதவில்லை.

"உங்களால என் ஆராய்ச்சியே பாழாப் போச்சு!" என்றார் டாக்டர்.

கவுண்டர் மருமகளின் கால்மாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஆராய்ச்சிய இன்னொரு ஊர்ல பண்ணிக்கலாங்க ஐயா. இந்தப் புள்ளைய நாங்க எந்த ஊர்ல போயித் தேடறது?"

டாக்டர் பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தானே திறந்து, முழு மாத்திரையாக எடுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அன்று முதல் காய்ச்சல் கண்டவர்களுக்கெல்லாம், எந்தப் பக்கமானாலும், கொயினா போனது.

தை மாசம் மலை இறங்கினோம். அத்தனை பாடுபட்ட ஆராய்ச்சியில் காலேஜுக்கு நாங்கள் உறுதியாகச் சொல்ல முடிந்த முடிவு ஒன்றே ஒன்றுதான்: பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம்.