மாங்கொட்டை எண்ணெயில் ஆரத்தி நிறம்

குடுவையில் வரவேண்டியது வெளிர் ரோஸ் நிறம். வந்தது ஆரத்தித் தண்ணீரின் நிறம்.

செஞ்சியில், திண்டிவனம் சாலை ஓரத்து எண்ணெய் ஆலையில் ஜெயசுதாதான் கெமிஸ்ட். மாங்கொட்டைப் பருப்பு எண்ணெய் மருந்துக் களிம்புக்கு ஏற்றதா என்று பார்ப்பது அவள் வேலை. எண்ணெயில் சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு, நிறம் மாறியதும் நிறுத்தி, எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று எழுதவேண்டும். இப்படிச் செக்கச்செவேலென்று அவள் பார்த்ததில்லை. ஆனால் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும்; சுண்ணாம்பும் ஒரு காரம்தான். மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் ஆரத்திதான்.

"தேறுமா, ஜெயா?" என்றார் மேனேஜர் ராஜாராம்.

"தேறாது சார். மஞ்சள் கலந்திருக்குது."

"எந்த ஊரு மூட்ட?"

"சிங்கவரம்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அது அவள் ஊர். அங்கே கொட்டை உடைக்கப் பெண்களைச் சேர்த்ததே அவள் மாமியார் ராஜாம்பாள்தான்.

"சோப்புக்காரனுக்குத் தள்ளிடலாம். இனிமே அங்க வாங்க வேணாம்."

போன ஐப்பசியில் அவள் புருஷன் வெற்றிவேல் பைக்கிலிருந்து விழுந்து செத்தான். பதினேழாம் நாள் ஜெயசுதா வேலைக்கு வந்துவிட்டாள். பஸ் ஏறினாள், குடுவை கழுவினாள், சாப்பிட்டாள். அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். அவனைப் பெற்றவளோ பாயை விட்டு எழவில்லை. சித்திரையில் முதல் மூட்டைக் கொட்டை வந்து இறங்கிய அன்றுதான் எழுந்தாள். இந்த வேலை போனால் மறுபடியும் பாய்தான்.

"மஞ்சள் படாத பருப்பு ஒரு கிலோ கொண்டாறேன் சார். டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன், அப்புறம் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். அவள் நோட்டில் 'தேறவில்லை' என்று எழுதினாள்.

சாயங்காலம் வீட்டில் ராஜாம்பாள் முறத்தில் பருப்பைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அத்த, இதுல மஞ்சள் போட்டீங்களா?"

"பின்ன? மருந்துக்குப் போவுதுன்னு நீதான சொன்ன. வெறுந்தண்ணியிலயா கழுவுவாங்க? இன்னா படிச்சியோ."

"போட்டா மருந்துக்கு ஆவாது. மொத்தமும் தள்ளிட்டாங்க."

ராஜாம்பாளின் கை நின்றது. ஜெயசுதா மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரு கிலோ எடுத்துட்டுப் போறேன். மஞ்சள் இல்லாம. அது தேறுனா வேல இருக்குது."

ராஜாம்பாள் எழுந்து உள்ளே போனாள். பாயைத் தொடவில்லை. மஞ்சள் டப்பாவோடு வந்து மருமகளின் கையில் வைத்தாள்.

"இத எங்கனா எட்டாத எடத்துல வெச்சிடு. கை தானாப் போவும்."

ஜெயசுதா ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவைப் பரணில் வைத்தாள். இறங்கி, விரலில் ஒட்டிய மஞ்சளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கொட்டை உடைக்க உட்கார்ந்தாள்.